பனியனில் அடித்த சம்பள நாள்

தன் உடம்பையே நோட்டீஸ் போர்டாக்கிக்கொண்ட மனிதர் திருப்பூரில் ஒருவர்தான். எங்கள் பனியன் கம்பெனியின் பிரிண்டிங் பிரிவில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. 'போர்டுக்காரர்' என்றால் கேட்டில் படுத்திருக்கும் நாய்கூட அவரைத்தான் பார்க்கும்.

எதையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும் அவருக்கு. லீவு என்றால் முந்தின நாளே 'நாளை நான் இல்லை' என்று தன் மேஜையில் ஒட்டிவிட்டுப் போவார்.

"ஊட்டுல சண்டை போடறதுக்கும் நோட்டீஸ் ஒட்டுவீங்களாக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒட்டுனனுங்க அக்கா. அதைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் அவ சண்டையே ஆரம்பிச்சா."

கம்பெனி வாசலிலும் கண்ணாடி போட்ட போர்டு உண்டு. சம்பள நாள் எழுதிய தாள் அதில் ஏறுவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர், எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் தாள் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை மேனேஜர் எங்கள் செக்கிங் பிரிவுக்கு வந்து வாயாலேயே சொன்னார்: "இந்த வாரத்துலிருந்து சனிக்கிழமை சம்பளம் கெடையாதுங்க. இனி மாசம் ஒருக்காத்தான்."

என் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டத் திங்கள்தான் கடைசி நாள். அந்தச் சனிக்கிழமைச் சம்பளம் சேர்ந்தால்தான் தொகை நிறையும். கையிலிருந்த துணியில் எது ஓட்டை, எது தையல் என்றே எனக்குத் தெரியவில்லை.

போர்டுக்காரர் மேனேஜர் பின்னாலேயே போனார். "மாத்திக்கங்க, வேண்டாங்கல. ஆனா முன்னாடியே எழுதி போர்டுல ஒட்டோணுமுங்க. அதான் சட்டமுங்க."

"போய் வேலையப் பாருங்க!"

அவர் போய் வேலையைத்தான் பார்த்தார். மறுநாள் ஆடிட். காலையில், ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட் ஒன்றில் 'சம்பள நாள்: சனிக்கிழமை. மாற்றினால் முன்னதாக ஒட்டவும்' என்று சிவப்பில் அடித்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கழட்டுங்க மொதல்ல!" என்றார் மேனேஜர்.

"உள்ள பனியன் இல்லீங்க."

"பனியன் கம்பெனில இருந்துட்டு பனியன் இல்லையாக்கும்?"

"சனிக்கிழமை சம்பளம் வந்தாத்தானுங்க வாங்கோணும்."

அவர் மேஜையில் அதே மாதிரி இன்னும் ஒரு அடுக்கு இருந்தது. ஒன்றை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டினேன். வெள்ளைக்காரர் அளவு, முழங்காலைத் தொட்டது. என் பின்னால் செக்கிங் பிரிவே மாட்டிக்கொண்டது.

ஆடிட்டுக்கு வந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். நின்று படித்தார். "சம்பள நாளைப் பேப்பர்ல எழுதி ஒட்டித்தான் பார்த்திருக்கேன். இது புதுசா இருக்கே!"

மேனேஜர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பேப்பர்னா கிழிஞ்சிருமுங்க மேடம். அதான் துணியிலயே அடிச்சுட்டோம்."

ஆடிட்டர் முன்னால் சொல்லிவிட்டு மாற்ற முடியுமா? சனிக்கிழமை சம்பளம் வந்தது. திங்கள் காலை கல்லூரியில் பணம் கட்டி ரசீது வாங்கினேன்.

போர்டுக்காரர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். போகப்போவதையும் ஒரு வாரம் முன்பே ஒட்டிவிட்டுத்தான் போனார்.

என் டி-ஷர்ட்டை மகள் விடுதிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறாளாம். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் அடித்த எழுத்து மங்கிவிடக் கூடாது.