லேமினேஷன் அண்ணனின் சீட்டு டப்பா

மலையைக்கூட நகர்த்திடலாம். லேமினேஷன் அண்ணனை ஒரு ரூல்ஸில் இருந்து நகர்த்த முடியாது.

வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கையில் கிடைத்ததை எல்லாம் லேமினேட் பண்ணுவார். அதனால் அந்தப் பேர். சொந்தப் பேரை நான் கேட்டதில்லை.

கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்டு கேம் ஆடுவோம். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது நாலு கேம் பெட்டியை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனார். அதில் ஆரம்பித்தது. நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அந்தப் பெட்டிகளை இறக்கப் போய் மாட்டிக்கொண்டவன். மொத்தம் ஏழு பேர். அண்ணன் சம்சாரம் சரோஜாக்காவும் அதில் ஒருத்தர்.

காணும் பொங்கல் அன்னைக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு கேம் பரிசு தரணும். மார்கழியிலேயே அண்ணன் டப்பாவில் பேர் போட்டுக் குலுக்குவார். சீட்டும் லேமினேட் பண்ணதுதான். யார் பேர் வருதோ அவருக்கு வாங்கணும். வந்ததை மாத்தக் கூடாது. சொந்தப் பேர் வந்தால் மட்டும் எல்லாத்தையும் திரும்பப் போட்டு முதலில் இருந்து. ஒரு வருஷம் ஒன்பது தடவை குலுக்கினோம். டீ ஆறிப்போச்சு.

எங்களோடு ஆடற கீழ்பென்னாத்தூர் கடலை வியாபாரி ஒரு பொங்கலுக்கு குக்கர் வாங்கி வந்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தினி பேர் ஆடலாம்?”

“யோவ், சோறு ஆக்கறதுய்யா.”

“அது சரி. யார் ஜெயிச்சான்னு எப்படித் தெரியும்?”

“விசில் வந்தா தெரியும்.”

சரோஜாக்கா சிரித்த சிரிப்பில் மேஜை ஆடி காய் எல்லாம் கலைந்தது. அந்த ஆட்டம் செல்லாதுன்னு அண்ணன் நோட்டில் எழுதினார்.

அப்புறம் ஆள் குறைந்தது. மூணு பேர் ஓசூர், சென்னைன்னு வேலைக்குப் போனார்கள். வியாபாரிக்கு முழங்கால். மாடி ஏற முடியவில்லை. ஐப்பசியில் சரோஜாக்கா போய்விட்டார். ரெண்டு நாள் காய்ச்சல்தான்.

மார்கழி முதல் ஞாயிறு மாடி ஏறினேன். இனி வரலைன்னு சொல்லத்தான். ரெண்டு பேருக்கு எதுக்கு ஒரு மாடி? நானும் நின்றுவிட்டால் அவர் மேலே வரவே மாட்டார். கீழே மெஷின் பக்கத்திலேயே கிடப்பார். அது தெரிந்தேதான் போனேன்.

டப்பா தயாராக இருந்தது.

“இந்த வருஷம் உங்களுக்குப் பண்டிகை இல்லியேண்ணா.”

“பொங்க வைக்கப் போறதில்ல. கோலம் போடப் போறதில்ல. ஆட்டம் பண்டிகையில்ல. எடு.”

எடுத்தேன். சரோஜா.

“அண்ணா, அக்கா பேரை இன்னும் எடுக்கலியா?”

“எடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு?”

அவருக்கு என் பேர் வந்தது. மிச்சம் ஒரே சீட்டு. அவர் பேர். அதை அக்கா உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

செத்தவங்களுக்கு என்ன வாங்குவது? பொம்மைக் கடையில் இருந்த பெண் கேட்டாள், “அவங்களுக்கு என்ன பிடிக்கும்ண்ணா?” அஞ்சு வருஷம் எதிரில் உட்கார்ந்து ஆடினவர். சீக்கிரம் தோத்துட்டு சீரியல் பார்க்கப் போகப் பிடிக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதையே சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடியற கார்டு ஆட்டம் ஒன்று எடுத்துக் குடுத்தாள்.

காணும் பொங்கல் அன்று அண்ணன் எனக்கு ஒரு பரமபத அட்டை தந்தார். பாம்புக்கெல்லாம் நம்பர் போட்டு லேமினேட் பண்ணியிருந்தார்.

“உங்களுக்குண்ணா?”

“இன்னும் வரல. அவ எப்பவும் கடைசி நிமிஷத்துலதான் வாங்குவா.”

அக்கா பரிசை நான் பிரித்தேன். அண்ணன் மூணு பேருக்குக் கார்டு போட்டார். நான் ஆடினேன். அவர் ஆடினார்.

“அவ முறை,” என்றார்.

காத்திருந்தோம். கீழே ரோட்டில் ரெண்டு பஸ் போனது. அப்புறம், “பாஸ்,” என்றார். அடுத்த சுற்றும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பத்து நிமிஷ ஆட்டம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் போனது.

கார்டை அடுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அடுத்த ஞாயிறு சவாரி இருக்கா உனக்கு?”

அந்த ஞாயிறு பவுர்ணமி. கிரிவலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். மாசத்தில் அந்த ஒரு நாள்தான் எங்க வண்டி நிற்காமல் ஓடும். அது அவருக்கும் தெரியும்.

“இல்லண்ணா,” என்றேன். “சும்மாதான் இருப்பேன்.”