காப்பி அக்காவின் மூன்றாவது காப்பி

உலகத்தில் எதையுமே ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்ளாத ஒரே பெண்மணி காப்பி அக்காதான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

இடது கையில் ஒரு கடிகாரம், வலது கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பார். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். இரண்டுக்கும் நடுவில் எது வருகிறதோ அதுதான் அக்காவின் மணி. பையில் இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு டிபன் பாக்ஸ். இரண்டு டிபன் பாக்ஸிலும் எலுமிச்சை சாதம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்காரம்மாவிடம் ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்து வைத்திருந்தார், காலில் இருப்பது அறுந்துவிட்டால் உதவும் என்று. பஸ் பாஸை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸுக்கு நாலு ஜெராக்ஸ் எடுத்து பையில் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ட்ரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். அக்காதான் மூத்தவர்; பகுதி நேரப் பதிவில் அவருக்கு அது எட்டாவது வருடம். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. காப்பி அக்கா என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாகச் சேருகிறவர்கள் மரியாதையாக கேன்டீனிலிருந்து ஒரு காப்பி வாங்கி வந்து நீட்டுவார்கள். அக்கா டீ மட்டும்தான் குடிப்பார். காப்பியைப் புன்னகையோடு வாங்கி ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவார். அந்த அறையில் தூங்காமல் இருந்த ஒரே ஜீவன் அந்தச் செடி.

அவர் போட்ட காப்பி வேறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, ரயிலில் விற்கிறவர் மாதிரி மேஜை மேஜையாக வருவார். "காப்பி, காப்பி. யாருக்குக் காப்பி?" எல்லோருடைய கோப்புகளையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். அவரிடம் தன் ஆய்வேட்டுக்கு மட்டும் பதினான்கு காப்பி இருந்தது. ஆய்வேட்டில் இரண்டே அத்தியாயம்தான் இருந்தது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஆடு தின்றுவிட்டது என்றார். இன்னொரு நாள் கேட்டபோது, ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கம்ப்யூட்டர் போனது என்றார். மூன்றாவது முறை, அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஸ்டோரில் எல்லாவற்றையும் மூன்று பிரதி எழுதியவர், அந்த ரத்தம் என்றார். காரணத்துக்கும் மூன்று காப்பி வைத்திருந்தார்.

ஒருமுறை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி, "உங்க கூடப் பொறந்த அண்ணன் தம்பி யாராச்சும் கீறாங்களா?"

பையன் ஒரே பிள்ளை. இடம் தட்டிப்போனது. "குடும்பம் எப்டின்னு தெரிஞ்சிக்கத்தான்டி கேட்டேன். அதுக்குப் போய் எந்திரிச்சிப் பூட்டாங்க" என்றார் எங்களிடம். நாங்கள் ஒருவரும் நம்பவில்லை.

நான் பட்டியல் போடுகிறவள். அக்காவின் ஹார்ட் டிஸ்க் எனக்கு ஏன் தேவையில்லை என்று ஐந்து காரணங்களை எழுதி, அவரிடம் வாசித்தும் காட்டினேன். நான்காவது காரணம்தான் எனக்குப் பெருமை: என் கோப்புகள் இணையத்தில், எல்லோரும் மேகம் என்கிறார்களே அங்கே, தானாகவே ஏறிவிடுகின்றன.

"மேகமா? மேகம்னா ஒருநா ஊத்திக்கும்டி" என்றார் அக்கா.

"அது பாட்டுக்குக் காப்பி ஆயிட்டே இருக்கும் அக்கா."

"தானா ஆவுற காப்பிய எவ நம்புவா? காப்பி போட்டா மட்டும் பத்தாது கண்ணு, குடிச்சிப் பாக்கணும். தொறக்குதா, உள்ள சரக்கு கீதான்னு பாத்தாத்தான் அது காப்பி."

"நீங்க காப்பியே குடிக்கிறதில்லையே."

"அத்த வுடு."

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை எரிச்சல் தாங்காமல், "எடுத்துக்கிட்டுப் போங்க அக்கா, ஆளை விடுங்க" என்றேன். அன்றைக்கு மட்டும் என்று நினைத்துச் சொன்னது. அக்கா அதை ஆயுள்கால அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் சொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைப் பற்றியது என் ஆராய்ச்சி. அதற்காக ஐந்து வருடமாகப் படித்த ஆயிரத்து நானூறு சொச்சம் கட்டுரைகளின் விவரங்கள், யார் எழுதியது, எந்த இதழ், எந்தப் பக்கம், படித்தபோது நான் எழுதிய குறிப்பு, எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் நூலகமாக இருந்தன. ஆய்வேட்டின் ஒவ்வொரு மேற்கோளும் அந்த நூலகத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. நூலகம் போனால் முடிச்சு அத்தனையும் அவிழும்.

திங்கட்கிழமை நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். எனக்குத் தந்த கூடுதல் அவகாசத்தின் கடைசி நாள் அது. தவறினால் பதிவு காலாவதியாகும். மறுபடி முதல் வருட மாணவியாக உட்கார வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தைத் திறந்தேன். 'சேதமடைந்துள்ளது' என்று வந்தது.

பழுதுபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். பழுதுபார்த்துத் தந்தது. இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள் மிஞ்சியிருந்தன. அவற்றிலும் ஏரிப் பாசியைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு பக்க எண் இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. முந்தின நாள் அறைக் கம்ப்யூட்டரில் நூலகத்தை மூடாமல் போய், காட்டுப்பாக்கம் ஹாஸ்டலில் மடிக்கணினியிலும் திறந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதியதில் கோப்பு நடுவில் கிழிந்துவிட்டது. மேகம் தன் கடமையைச் செய்திருந்தது. கிழிந்ததை ஒரு பிசிறு குறையாமல் எல்லா இடத்திலும் ஏற்றி வைத்திருந்தது. பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி ஒன்று அதில் உண்டு. இடத்தை அடைக்கிறது என்று நானே அதை நிறுத்தியிருந்தேன். அதற்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தேன்.

அக்கா பின்னால் வந்து நின்று என் திரையைப் பார்த்தார்.

"ஊத்திக்கிச்சா?"

"ஊத்திக்கிச்சு அக்கா."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. "மூணு காப்பி கீது. எந்திரி" என்றார்.

முதல் காப்பி அவர் கையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கில். அன்று மத்தியானம் எடுத்தது. திறந்தோம். கிழிந்த கோப்பைக் கிழிந்தபடியே எடுத்து, போன வாரத்து நல்ல காப்பியின்மேல் போட்டிருந்தார். "மேகமும் நானும் ஒண்ணாய்ட்டோமா" என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது காப்பி ஒரு பென்டிரைவில். யாரும் தொடக்கூடாது என்று அதை அலமாரியில் ஒரு டப்பாவுக்குள் போட்டு, வெளியே 'காப்பி' என்று எழுதி ஒட்டியிருந்தார். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஆயாம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, பொறுப்பாகக் கழுவி, காப்பித்தூளை நிரப்பி வைத்திருந்தார். பென்டிரைவையும் சோப்புப் போட்டுத் தேய்த்து ஸ்பூன்களோடு கவிழ்த்து வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. திறக்கவில்லை.

மூன்றாவது காப்பி ஆவடியில், அக்காவின் வீட்டில், இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் ஏற்றி, திறந்து பார்த்து, அலமாரியில் வைப்பார். அக்கா அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, காப்பி பத்திரமா கீதா? நானும் தங்கச்சி மாதிரி ஒரு பொண்ணும் வந்துகினு கீறோம்."

"வா, வா. சூடா வெச்சிருக்கேன்."

போனை வைத்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "சூடா கீதாம்டி. வெயில்ல வெச்சிட்டாங்க போலக் கீது. டிஸ்க்கு சூடானா பேஜாருடி."

மெட்ரோ வேலைக்காகப் பாதி சாலையை அடைத்திருந்தார்கள். ஆவடி பஸ் நத்தையோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தது. அக்கா இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து, முதல் வருட மாணவியாக மறுபடி சேர என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று பட்டியல் போட்டேன். அக்கா அதை வாங்கிக் கிழித்துப் போட்டார். "காப்பி எடுத்து வெச்சிக்கிறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது. அது ஒண்ணுக்காவது போடாம இருந்தியே."

ஆவடி வீட்டு வாசலிலேயே அக்காவின் அம்மா இரண்டு டம்ளரோடு நின்றார். ஆவி பறந்தது.

"எங்கம்மா காப்பி?"

"கைல இன்னா கீது? கண்ணு தெரியலையா?"

"இந்தக் காப்பி இல்லம்மா. கறுப்பா கீதே, அந்தக் காப்பி."

"கடுங்காப்பியா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, பால ஊத்திட்டனே."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் நிதானமாக, கறுப்பு நிறம், உள்ளங்கை அகலம், தட்டையான டப்பா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஓ, அதுவா" என்றார் அம்மா. "பிரிட்ஜு ஆடிக்கினே இருந்துச்சு. புதங்கெழமதான் ஒரு காலுக்கு அண்டை குடுத்தேன். இப்ப சோக்கா நிக்குது."

அக்கா பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். நான் படுத்துக் கையை விட்டு இழுத்தேன். என் ஐந்து வருடம் மூலையில் நசுங்கி, ஒரு எறும்போடு வெளியே வந்தது. பிரிட்ஜ் ஆடியது. அக்கா பையிலிருந்த பஸ் பாஸ் ஜெராக்ஸ்கள் அத்தனையையும் மடித்துக் காலுக்கடியில் செருகினார். அவை முதன்முதலாக ஒரு உபயோகத்துக்கு வந்தன.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபித்தார். "கர்த்தாவே, இந்தப் பிள்ளையோட டப்பாவைத் திறந்தருளும்." டிஸ்க் ஒரு முறை முனகி, சுற்ற ஆரம்பித்தது.

அக்கா சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ அந்தாண்ட பாரு."

"ஏன் அக்கா?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு வெச்சி ஃபோல்டர் போட்டுக்கீறேன். நீ பாக்கக் கூடாது."

எங்கள் அறையில் ஒருவனுக்கு 'தூங்குமூஞ்சி' என்றும் இன்னொருத்திக்கு 'பிரியாணி' என்றும் வைத்திருந்தது எனக்குத் தெரியும். எனக்கு 'திமிரு' என்று வைத்திருப்பார் என்று முடிவு செய்து, மரியாதையாகச் சுவரைப் பார்த்தேன்.

"ம். தொறந்துகிச்சு" என்றார் அக்கா.

கட்டுரைகள் அத்தனையும் இருந்தன, எழுதியவர்கள் பெயர் அவரவர் இடத்தில். நான் பாய்ந்து மவுஸைப் பிடித்தேன். அக்கா கையில் ஒரு தட்டுத் தட்டினார். "மொதல்ல இதுக்கு ஒரு காப்பி போடு. அப்பால தொடு."

கடைசி வாரம் சேர்த்த பத்தொன்பது கட்டுரைகள்தான் இல்லை. அவற்றின் பட்டியல் என் நோட்டில் இருந்தது. பட்டியல் போடுவதை இனி யாரும் கேலி செய்யக்கூடாது. டம்ளர்கள் இரண்டும் அதற்குள் ஆறிப்போயிருந்தன. நான் ஒன்றைக் குடித்தேன். அக்கா மற்றதை எடுத்து, மருந்து குடிக்கிற முகத்தோடு, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

திங்கட்கிழமை சமர்ப்பித்தேன். கல்லூரியில் நான்கு பிரதி கேட்டார்கள். ஐந்து பைண்ட் செய்திருந்தேன். ஐந்தாவதை அக்காவிடம் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குடி?"

"உங்க வீட்டு பிரிட்ஜுக்கு."

அடுத்த வருடம் அக்காவும் சமர்ப்பித்தார். எப்படி என்று கேட்காதீர்கள்; வெள்ளிக்கிழமைதோறும் அவர் மேஜைக்கு நான் ஒரு பட்டியலோடு போனேன் என்று மட்டும் சொல்கிறேன். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. ஒரே நாளில் இரண்டு ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, இரண்டாவதில் ஏறினார். ஏறும் முன், மூலை நசுங்கிய அந்த டிஸ்க்கை என் கையில் வைத்து, "என்னாண்ட இன்னொண்ணு கீது. இத்த நீ வெச்சிக்கோ" என்றார்.

அறைக்கு வந்து மாட்டிப் பார்த்தேன். தூங்குமூஞ்சி இருந்தது. பிரியாணி இருந்தது. திமிரு என்று எதுவும் இல்லை. என் கோப்புகள் இருந்த ஃபோல்டரின் பெயர் 'தங்கச்சி'. அதற்கு அடுத்து இன்னொன்று இருந்தது: 'தங்கச்சி காப்பி'.

இப்போது எனக்கு அம்பத்தூரில் வேலை. ஆய்வேடு முடிந்துபோன கதை. அந்தக் கோப்புகள் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் அந்த டிஸ்க்கை ஒருமுறை மாட்டித் திறந்து பார்த்துவிடுகிறேன். இந்த வாரமும் திறந்தது.