கடவுச்சொல்லில் மூன்று ழகரம்

எனக்குத் தமிழும் தெரியும், கணினியும் தெரியும் என்றொரு திமிர் இருபத்தெட்டு வயதில் எனக்கு இருந்தது. இரண்டில் ஒன்றாவது உருப்படியாகத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

2009ஆம் ஆண்டு. தென் லண்டனில் ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை, ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது. அந்த நேரத்தில்தான் கல்லூரிகளுக்கிடையே ஓர் இணையப் பாதுகாப்புப் போட்டி வந்தது. ஒவ்வோர் அணிக்கும் மூன்று சேவையகங்கள் கொடுப்பார்கள். அடுத்த அறையிலிருந்து ஒரு கூட்டம் அவற்றுக்குள் புகுந்து குழப்பப் பார்க்கும். நான்கு மணித்தியாலம் அவர்களை உள்ளே விடாமல் காக்க வேண்டும்.

துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பயிற்சி கொடுங்கள். போட்டியைப் பார்க்க நானும் வருகிறேன்" என்றார். வென்றால் நிரந்தர வேலை என்று நான் விளங்கிக்கொண்டேன். (அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிசிக்குப் போட்டி பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.)

அணியில் மூன்று பேர். தலைவி துஷி, ஹரோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கார்த்திக், பத்து வயதில் சென்னையிலிருந்து வந்தவன். ஆயிஷா, வங்காளிப் பெண். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் எங்கள் நால்வரிலும் கெட்டிக்காரி அவள்தான்.

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், பயிற்சி. ஆங்கில அகராதியில் உள்ள சொற்களையெல்லாம் சில நிமிடத்தில் கடவுச்சொல்லாக அடித்துப் பார்க்கும் நிரல் எதிரிகளிடம் இருக்கும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தியிருந்தேன். ஒரு நாள் காலையில் மோர்டனில் ரயில் ஏறும்போது எனக்கு ஞானம் பிறந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அறிவித்தேன்.

"கடவுச்சொல்லைத் தமிழில வைப்பம். இங்கிலீஷ் எழுத்திலதான் அடிக்கிறது, ஆனால் சொல் தமிழ். இந்த நாட்டில எந்தக் கள்ளனுக்கு 'பழுத்தவாழைப்பழம்' தெரியும்?"

கார்த்திக் கைதட்டினான். துஷி சிரித்தாள். ஆயிஷா மட்டும் ஆங்கிலத்தில் கேட்டாள்: "மிஸ், எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பாடமாக்கினால் நல்லதல்லவா?"

"தாளில் எழுதினால் அது இரகசியமா? சொல்லை நினைவு வைத்தால் போதும்" என்று அந்தப் பிள்ளையின் வாயை அடைத்தேன்.

இணையத்தளச் சேவையகம் கார்த்திக்கின் பொறுப்பு. வாழைப்பழத்தை அவன் தன் இஷ்டப்படி அடித்துக்கொண்டான். ஒவ்வொருவரும் தத்தம் கதிரையிலேயே பயிற்சி எடுத்ததால் அவன் எப்படி அடிக்கிறான் என்று வேறொருவரும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, மூன்று தரம் பிழையாக அடித்தால் அரை மணித்தியாலத்துக்குச் சேவையகம் பூட்டிக்கொள்ளும்படி வைக்கச் சொன்னதும் நான்தான்.

போட்டி நாள். தொலைபேசி, தாள் எல்லாவற்றையும் வாசலில் வாங்கிவிட்டார்கள். பயிற்சியாளர்களுக்குக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கை. அணிகள் பேசுவது ஒலிபெருக்கியில் எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. முதல் மணித்தியாலத்தில் பக்கத்து அணியின் இணையத்தளத்தில் ஒரு கழுதைப் படம் ஏறியது. எங்களுடையதில் ஒரு கீறல் இல்லை. துணை முதல்வர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நிரந்தர வேலையில் முதலில் எந்த மேசையைக் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது தலைமை நடுவர், நரைத்த முடியுள்ள ஒரு பெண்மணி, எங்கள் அணியிடம் வந்து கார்த்திக்கின் தோளைத் தட்டினார்.

"உங்களுக்குச் சுகமில்லை. அரை மணித்தியாலம் வெளியே இருங்கள். மற்றவர்கள் இந்த அறிவித்தலை அதற்குள் இணையத்தளத்தில் போட வேண்டும்."

ஒவ்வோர் அணியிலும் ஒருவரை அப்படி எழுப்பினார்கள், அதுவும் ஒரு சோதனையாம். கார்த்திக் போனான். அவன் கதிரையில் துஷி உட்கார்ந்து பழுத்தவாழைப்பழத்தை அடித்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை அல்லவா, மூன்று ழகரத்துக்கும் 'எல்' போட்டாள். பிழை.

"யாழ்ப்பாணம் என்பதற்கு அப்பா 'ஆர் எல்' போடுவார்" என்று ஆயிஷாவிடம் சொல்லி அப்படியும் அடித்தாள். பிழை.

சென்னைக்காரன் 'ஸெட் எச்' அல்லவா போட்டிருப்பான்! இன்னும் ஒரு தரம்தான் மிச்சம். எழும்பிப் போய்க் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தேன். துஷி நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயை அகலத் திறந்து, ழகரம் சொல்கிற மாதிரி நாக்கை மேலே வளைத்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் நன்றாக வளைத்தேன்.

"மிஸ்ஸுக்கு ஏதோ செய்கிறது" என்றாள் துஷி.

"வலிப்பா? யாராவது தண்ணீர் கொடுங்கள்!" என்று ஆயிஷா பதறினாள். அந்தப் பதற்றத்தில் துஷி மூன்றாவது தரமும் எதையோ அடித்துவிட்டாள். பூட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டுத் திரும்பிய தலைமை நடுவர், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாக்கோடு நின்ற என்னைப் பார்த்தார். வெளியே வந்தார்.

"அம்மணி, என்னைப் பார்த்தா நாக்கைக் காட்டினீர்கள்?"

"இல்லை. அது ஓர் எழுத்து."

"எழுத்தா?"

"தமிழில் இருக்கிறது. நாக்கை இப்படி மடித்து..." அவருக்கு விளங்கட்டும் என்று இன்னொரு தரம் செய்து காட்டினேன். (ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) துணை முதல்வர் மெல்ல எழுந்து இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்தார்.

அறிவித்தல் ஏறவில்லை. நான் சைகை காட்டியதற்காக வேறு புள்ளிகளைக் குறைத்தார்கள். கடைசி இடம். எதிரிகள் ஒருவராலும் நுழைய முடியாத ஒரே அணி நாங்கள்தான். என்ன, எங்களாலும் நுழைய முடியவில்லை.

வெளியே வந்ததும் சண்டை தொடங்கியது.

"ஸெட் எச் தானே? வேற எப்படி எழுதுவாங்க?" என்றான் கார்த்திக்.

"நாங்கள் எல் போடுவம்!" என்றாள் துஷி.

"எல் போட்டா அது 'பலம்'னு ஆயிடும்!"

"ஸெட் போட்டால் 'பஸம்' எண்டெல்லோ வரும்!"

ஆயிஷா நிலத்தைப் பார்த்தபடி நடந்தாள். அவள் கண் சிவந்திருந்ததை ரயிலில்தான் கவனித்தேன். ஆறு கிழமையாக ஒரு நாள் தவறாமல் வந்த பிள்ளை. அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

"பிழை முழுக்க என்னுடையது. உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்" என்றேன்.

"அடுத்த முறை எழுத்துக்கூட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன், மிஸ்" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "துஷி, அவ்வளவு வடிவாக ழகரம் காட்டினனே, ஏன் பிள்ளை விளங்கேல்லை?"

"மிஸ், கடவுச்சொல்லில ழகரம் இருக்கிறது எனக்கு முதலே தெரியும். இங்கிலீஷில அதை என்னெண்டு அடிக்கிறது எண்டதுதான் தெரியேல்லை. நாக்கில அது எழுதியிருக்கேல்லையே."



நடுவர் குழுவின் அறிக்கை கல்லூரிக்கு வந்தது. 'பயிற்சியாளர் நாக்கினால் தகவல் அனுப்ப முயன்றார்' என்று அதில் ஒரு வரி. துணை முதல்வர் எனக்கு முன்னால் அதைச் சிரிக்காமல் வாசிக்க இரண்டு தரம் முயன்று தோற்றார். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார். அடுத்த வருடம் ஆயிஷா தலைவி. கடவுச்சொற்களை அவளே எழுத்தெழுத்தாகப் பாடமாக்க வைத்தாள். இரண்டாம் இடம் வந்தோம். பார்வையாளர்கள் கண்ணாடிக்கு ஆறடி தள்ளியே இருக்க வேண்டும் என்று அந்த வருடம் புதிதாக ஒரு விதியும் வந்திருந்தது.

சில வருடம் கழித்துத் துஷிக்குக் கல்யாணம். கார்த்திக்கும் ஆயிஷாவும் வந்திருந்தார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்ன நேரத்தில், மூன்று பேரும் ஒன்றாக, கூறைச் சேலை கட்டிய மணப்பெண் உட்பட, வாயைத் திறந்து நாக்கை வளைத்தார்கள். நடுவில் நான் மட்டும் பட்டுச்சேலையோடு நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படத்தை என் கணவர் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டிவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று தயங்கினால், நான் தேநீரோடு வருவதற்குள் அவரே சொல்லிவிடுவார்:

"பயப்பிடாதேங்கோ. இவ படிப்பிச்ச பிள்ளையள்."