பிக்கப்புக்குக் கண் வைத்தேன்

இனி இந்த வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை. அந்த முடிவை என் மனைவி மரியநாயகியிடம் சொல்லலாமா என்று அவளிடமே கேட்கத் தைரியம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

தானாக வரவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். அறுபத்தாறாம் வருஷத்து ஆஸ்டின் பிக்கப். என்னைவிட ஒரு வயது இளையது. தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரிக்குப் பின்னால் பதினொரு வருஷம் மழையில் நின்று, பின் தொட்டியில் புல் முளைத்து, முன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் தோட்டத்து டிரைவராக இருந்து நான் ஓய்வு பெற்ற அன்று தோட்டத்து மானேஜரான பெரிய துரை, "கஸ்பர், அந்தப் பழைய வண்டிய நீங்களே வச்சுக்கங்க" என்றார். அந்த இடத்தில் புது ஷெட் கட்டவேண்டியிருந்தது. வண்டியை யாராவது அங்கிருந்து கொண்டுபோகவேண்டியிருந்தது. என்னையும்தான்.

மரியநாயகி வாசலில் வந்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"பிக்கப்பு."

"பிக்கப்பு மாதிரித் தெரியலயே. பிக்கல் மாதிரி இருக்கு. பிடுங்கல் பின்னால வருதா?"

"துரை குடுத்தாரு."

"மத்தவங்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க."

"கடிகாரத்துல ஏறி ஹட்டனுக்குப் போக முடியுமா?"

"இதுல முடியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் பேசிய சிறந்த வசனங்கள் எல்லாம் இப்படிப் பேசாமல் விட்டவைதான்.

மரியநாயகியைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருபத்தேழு வருஷம் ஆயம்மாவாக இருந்தவள். இந்த மலையில் பாதிப் பேர் அவள் கையால் பால் குடித்து, அவள் கையாலேயே அடியும் வாங்கி வளர்ந்தவர்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் தூங்கவைத்தவள். நாற்பத்தோராவது பிள்ளை நான்.

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு வலது கண் சரியாகத் தெரியாது.

இரத்தத்தில் சர்க்கரை ஏறி, சீனி வருத்தம் வந்து பத்து வருஷம். கண்ணில் பிடித்து இரண்டு வருஷம். எங்கள் பக்கம் மூடுபனிக்குப் பஞ்சமில்லை. அதனால் முதல் ஆறு மாதம் அதை மூடுபனி என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. எல்லோருக்கும் பனி விலகியது. எனக்கு விலகவில்லை.

ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, கொழுந்து லொறியைப் பின்னால் எடுக்கும்போது, கொழுந்தை எடைபோடும் நிறுவைக் கொட்டகைத் தூணில் மோதினேன். தூணுக்குப் பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு வீரம்மா நின்றிருந்தாள். அவள் காலுக்கும் என் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பயந்துபோயிருப்பீங்க என்று வீரம்மாதான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தேத்தண்ணி இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அது வியாதி. போகாதவரை பனி.

அதனால்தான் இந்தப் பிக்கப். டிரைவர் என்ற பெயரை நான் விடப்போவதில்லை. எனக்கு ஒரு கண் குறைந்தால் என்ன, வண்டிக்கு நாலு கண் வைத்துவிட்டால் போயிற்று. பின்னால் பார்க்க ஒரு கேமரா. சுவர் கிட்ட வந்தால் கத்துகிற சென்சர். முன்னால் பகல் மாதிரி அடிக்கிற லைட். மரியநாயகி கேட்டால் பதில் தயாராக இருந்தது: பழைய வண்டியை நவீனமாக்குகிறேன்.

டிக்கோயாவில் கராஜ் வைத்திருக்கும் சுதாகரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். தோட்டத்து வண்டிகளையும் அவன்தான் பார்ப்பான். முற்றத்தில் தார்ப்பாயைக் கட்டி அதற்குள் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். துருவைச் சுரண்டச் சுரண்ட வண்டி குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் துரு மட்டும்தான் வண்டியைப் பிடித்துவைத்திருந்தது என்று தெரிந்தது. பழைய எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றினோம். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டோம். மே மாதம் பிடித்த மழை விடவேயில்லை. காலையில் பூசிய பெயின்ட் மறுநாளும் காயவில்லை. அந்த நாட்களில் ஃபேக்டரி கிழமைக்கு மூன்று நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் அந்த மலையில் என் அரத்தின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், மரியநாயகி தடுக்கவேயில்லை. ஒருநாள் தேத்தண்ணியோடு தார்ப்பாய்க்குள் வந்தாள்.

"அந்த ஸ்டியரிங்கு ரொம்ப இறுக்கமாமே. சுதாகரன் சொன்னான்."

"பழைய வண்டி அப்படித்தான்."

"பவர் ஸ்டியரிங் போடச் சொல்லுங்க. வயசான காலத்துல கை வலிக்கும்."

"சரி."

"சீட்டயும் நல்லா முன்னுக்குத் தள்ளுற மாதிரி வைக்கச் சொல்லுங்க."

"எதுக்கு? எனக்குக் கால் எட்டுது."

"வயசானா மனுசங்க சுருங்குவாங்களாம்."

என்மேல் இவ்வளவு அக்கறையா என்று மனம் இளகிவிட்டது. ஒரு பொய்யை மறைக்க நான் கேமரா வைக்கிறேன். இவளோ என் கை வலியை நினைக்கிறாள். அன்று இரண்டு தேத்தண்ணி குடித்தேன்.

அவள் செவ்வாய்க்கிழமைதோறும் பஸ் ஏறி ஹட்டனுக்கு அந்தோனியார் நவநாளுக்குப் போவது வழக்கம். இப்போது வியாழனும் போக ஆரம்பித்தாள்.

"செவ்வா அந்தோனியாருக்கு. வியாழன் யாருக்கு?"

"உங்களுக்கு" என்றாள்.

எனக்காக இன்னொரு நவநாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதம் எஞ்சின் பிடித்தது. சுதாகரன் சாவியைத் திருப்பியதும் ஒரு தும்மல், ஒரு இருமல், பிறகு சீரான சத்தம். கேமராவின் சின்னத் திரையில் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். சென்சர் கத்தியது. அதை உறுதியாகக் கேட்டேன். காது நல்ல காது.

ஒரே ஒரு சிக்கல். என் லைசன்ஸ் ஜூன் மாதத்தோடு முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அங்கே போனால் எழுத்துப் பலகையைக் காட்டி வாசி என்பார்கள். ஆகவே புதுப்பித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில், பாதையில் ஆள் நடமாடுமுன்னே, வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் ஆசீர்வாதம் வாங்கிவிடுவது என்று திட்டம்.

வெள்ளிக்கிழமை காலை சாமி படத்தின் முன் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு வந்து வண்டியில் ஏறினேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். சாவியையும் காணவில்லை.

மரியநாயகி வந்தாள். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலை. காலில் கன்வஸ் சப்பாத்து.

"அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."

"சாவி எங்க?"

"எங்கிட்ட. சாமி கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டேன்."

"எந்தச் சாமிய?"

"வேற எந்தச் சாமி, அந்தோனியாரத்தான்."

"அந்தோனியாரக் கழட்டி ரெண்டு மாசமாச்சு. பெட்டிக்குள்ள இருக்காரு. அங்க மாட்டியிருக்கது என் தம்பி ஜூட்சனோட கல்யாணப் படம்."

லிந்துலையில் இருக்கும் ஜூட்சனோடு நான் பேசிப் பதினெட்டு வருஷமாகிறது. செத்தாலும் அவன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னவன் நான். இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் அவன் முன்னால் முழங்காலில் நின்று சிலுவை போட்டிருக்கிறேன். சில காரியங்கள் கேட்டும் இருக்கிறேன். இவளுக்கு என் கண் விஷயம் தெரியக்கூடாது என்பது அதில் ஒன்று.

சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அந்தப் படத்தை நான் பார்த்தது வலது கண்ணால் மட்டும் அல்ல. நல்ல கண் என்று நம்பியிருந்த இடது கண்ணும் சேர்ந்துதான் பார்த்தது.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"தூண்ல மோதுன அன்னைக்கே. பிரேக்குல ஒரு குறையும் இல்லன்னு சுதாகரன் சொல்லிட்டான். வெளிய சொல்லாதன்னு அவன் வாய நான்தான் கட்டினேன்."

"தெரிஞ்சும் எதுக்கு ஏழெட்டு மாசம் இந்த வண்டியக் கட்டிக்கிட்டு அழ விட்ட?"

அவள் முன் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"வேல இல்லாம அந்த மூலையில உக்காந்திருந்தா நீங்க செத்துப் போயிருப்பீங்க. முத மாசம் நீங்க இருந்த இருப்ப நான் பாத்தேன்ல. அதோட, எனக்கும் ஒரு வண்டி வேணும்."

கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தேன். லைசன்ஸ். புதுசு. படத்தில் மரியநாயகி சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவள் இப்படிச் சிரிக்கவில்லை.

"யாரு பழக்கினது?"

"தனுஜா. ஹட்டன்ல டிரைவிங் பழக்குற லேர்னர்ஸ் வச்சிருக்கால்ல. மூணு வயசுல என் மடியில மூத்திரம் போன பிள்ள. கிளச்ச மெதுவா விடுங்க ஆயம்மான்னு என்னை அதட்டுது. செவ்வாயும் வியாழனும்."

"டிரைவர் பெண்டாட்டி, எங்கிட்ட கேட்டிருந்தா நான் பழக்கியிருப்பேனே."

"கேட்டேனே. கல்யாணமான மறு வருஷம். பொம்பளைக்கு எதுக்குன்னு சொன்னீங்க."

நான் அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்தேன்.

வண்டியை எடுத்தாள். ஒரு குலுக்கல் இல்லை. சீட்டு அவள் உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அளவெடுத்ததுதான். ஸ்டியரிங் இரண்டு விரலுக்குச் சுற்றியது. வளைவுகளில் ஹோர்ன் அடித்து, மேலே ஏறி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, முதலாம் கியரில் இறக்கம் இறங்கினாள். நான் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த வருஷம் முழுவதிலும் என்னை ஆகத் துக்கப்படுத்தியது அதுதான்.

நிறுவைக் கொட்டகையைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினாள்.

"வீரம்மா நிக்கிறா. கை காட்டுறா. நீங்களும் காட்டுங்க."

நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அந்தப் பக்கம் இல்ல" என்றாள் மெல்ல.

கையை மாற்றிக் காட்டினேன். பிறகு அதைக் கீழே வைக்க வெகு நேரமாயிற்று.

கோயில் மணி கேட்டது. வண்டி நிற்கவில்லை.

"கோயில் போயிருச்சு."

"தெரியும்."

"ஃபாதர் காத்துக்கிட்டு இருப்பாரு."

"அவருகிட்ட நேத்தே சொல்லியாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம வச்சுக்கலாமாம். இன்னைக்கு உங்களுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில கண் கிளினிக். ஏப்ரல்லயே நம்பர் எடுத்தாச்சு."

ஏப்ரலில் நான் வண்டிக்குக் கேமரா எங்கே வைப்பது என்று அளந்துகொண்டிருந்தேன்.

கிளினிக்கில் இருந்தவர் இளம் டாக்டர். தன்மையானவர். வெளிச்சத்தை அடித்து வெகு நேரம் பார்த்தார். வலது கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். இடது கண்ணை லேசர் பிடித்து, மருந்து ஒழுங்காகப் பாவித்தால் இருக்கிற அளவுக்குக் காப்பாற்றலாம் என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே ஐயா என்றார். மரியநாயகி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த அன்றே உங்களிடம் பேசியிருக்கவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் மரியநாயகியைப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு வெளியே வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். உலகம் முழுக்கப் பாலாகிவிட்டது. பக்கத்தில் மரியநாயகி இருக்கிறாள் என்பது அவள் சேலையில் அடித்த டீசல் வாசனையில் தெரிந்தது. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு நர்ஸ் வேகமாக வரும் சத்தம் கேட்டது.

"அந்தப் பச்சைப் பிக்கப்பு யாரோடது? ஆம்புலன்ஸ் வர்ற வழியில நிக்குது. டிரைவர் கொஞ்சம் வாங்க."

நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

நர்ஸ் என் இரண்டு தோள்களையும் பிடித்துப் பூப்போல உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, நீங்க இருங்க. நான் டிரைவரத்தான் கூப்பிட்டேன்."