தீவுக் கல்யாணத்தில் அப்பாவின் கை

மகளுக்குக் கல்யாணம், மத்தியதரைக் கடலில் ஏதோ ஒரு தீவில். அதன் பெயரை மாப்பிள்ளை எத்தனை தடவை சொன்னாலும் லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவின் வாயில் நுழையவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனசில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அங்கே பெண்ணைக் கையைப் பிடித்து மேடை வரை கூட்டிப் போவது அப்பாவாம். அப்பா மட்டும்தானாம்.

அடேயப்பா, அந்த வீட்டில் எதை அப்பா மட்டும் செய்திருக்கிறார்? மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதுகூட அம்மாதான். அவள் அங்கேயே டிரில் டீச்சர். இந்த ஒரு தடவையாவது பெற்ற மகளோடு தனியாக நடக்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. விஷயம் மனைவி காதுக்குப் போனால் அவ்வளவுதான்.

"அங்கே அம்மாவுக்கு முதல் வரிசையில நாற்காலியாம்," என்று மெல்ல ஆரம்பித்தார். "எழுந்திருக்கவே கூடாதாம். அவ்வளவு மரியாதை."

"சரிங்க, உட்கார்ந்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் கக்கத்தில் தலையணையோடு வராந்தாவில் அசைந்து அசைந்து நடந்தவர், வசமாக மாட்டிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"முட்டிவலிக்கு நடக்கிறேன்."

"தலையணைக்கும் முட்டிவலியா?"

எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அவள் கோபப்படவில்லை. அவருக்குக் குழப்பம் தொடங்கியது அங்கேதான்.

"நடக்கிறதை ஒழுங்கா நடக்க வேண்டாமா? நான்தான் நம்ம பொண்ணு. கையைக் குடுங்க."

முப்பது வருஷமாக மேலேயும் கீழேயும் போய்ப் பழகிய மனுஷன். நேராகப் போகச் சொன்னால் கால் பாவம் என்ன செய்யும்? புடவையை மிதித்தார்.

"இடது கால்."

"எனக்கு இடதா, உனக்கு இடதா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்தாங்க. சரி, மாத்திப் பார்க்கலாம். நான் அப்பா, நீங்க பொண்ணு. பார்த்துக் கத்துக்குங்க."

இது சுலபமாக இருந்தது. அவள் நடத்தினாள், அவர் நடந்தார். தாலி கட்டிய நாளிலிருந்து செய்கிற வேலைதானே.

"கையை என் முழங்கையில விடுங்க. தலையைக் கொஞ்சம் குனிங்க. பிரமாதம்."

தினமும் சாயங்காலம் பயிற்சி. "நாளைக்கு நீங்க அப்பா," என்பாள். அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

தீவில் கண் கூசும் வெயில். மணலில் வரிசையாக நாற்காலிகள். மகள் வெள்ளை உடையில் வந்து நின்று, "அப்பா, கை," என்றாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் எந்தக் கை? எந்தக் கால் முதலில்? எல்லாம் மறந்துபோய் மலங்க மலங்க விழித்தார்.

"இடது கால்," என்றது பக்கத்தில் ஒரு குரல். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவளின் குரல்.

பழக்க தோஷம். அவர் கை தானாகப் போய் அவள் முழங்கைக்குள் நுழைந்துகொண்டது. தலை தானாகக் குனிந்தது. அவளுடைய மறுகையை மகள் சிரித்தபடி பிடித்துக்கொண்டாள்.

"அப்பாதான் கூட்டிட்டுப் போகணும்னு நம்ம பொண்ணு எனக்குப் போன மாசமே சொல்லிட்டா," என்று காதோடு சொன்னாள் மனைவி. "தலையை நிமிர்த்தாதீங்க. நல்லா வருது."

மேடையில் மாப்பிள்ளை மாமியாரின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தை, இதுல எனக்குப் பொண்ணு யாரு?"