வாசலில் உதிர்ந்த வண்டி

தன் வேனைப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை என்ற முடிவை வெள்ளைச்சாமி எடுத்தபோது, அவர் அந்த வண்டிக்கு அடியில்தான் மல்லாந்து படுத்திருந்தார். பண்ருட்டி ரோட்டில் மெக்கானிக் அன்புமணியின் ஷெட். அன்புமணி பக்கத்தில் படுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் அடித்தகட்டைக் குத்தினான். வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் அது பிடிவரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்ததும் ஒரு பிடி துரு வெள்ளைச்சாமியின் வாயில் கொட்டியது.

"பாத்தீங்களா சார்?"

வெள்ளைச்சாமி துப்பினார். "வெல்டிங் வச்சிரலாமேப்பா."

"வெல்டிங் புடிக்கறதுக்கு இரும்பு வேணும் சார். இங்க எங்க இருக்குது இரும்பு? பெயிண்டைப் புடிச்சிக்கினு வண்டி நிக்குது."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும். ஓடிக்கினு இருக்கும்போதே ஒரு நாளு பின்சீட்டு ரோட்டுல உக்காந்துக்கும். ஆளு ஏத்தாதீங்க சார். காயலான் கடைக்குத் தள்ளி வுட்ருங்க. வயசாயிடுச்சில்ல."

கடைசியாகச் சொன்னதுதான் சுட்டது. மே மாதத்தோடு வெள்ளைச்சாமிக்கு ஓய்வு. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேன். விருதுநகரிலிருந்து வந்தவர், வந்த நாள் முதல் நிற்கப்போன எந்திரங்களை நிற்கவிடாமல் ஓட்டியே காலத்தை ஓட்டியவர். ஒரு பயல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு வயதாகிவிட்டது என்கிறான். வண்டியைத்தான் சொன்னான். ஆனாலும்.

வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டியின் எடை குறையும் என்று ஏதோ நினைப்பு.

நெய்வேலியில் தேய்ந்த கன்வேயர் பெல்ட் இல்லாத வீடு குறைவு. வெள்ளைச்சாமியின் வீட்டில் அதைத் தவிர மற்றதெல்லாம் குறைவு. வாசலில் மிதியடி பெல்ட். தோட்டத்துக் கதவுக்குக் கீல் பெல்ட். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி பெல்ட். சாமி அலமாரியின் கால் ஆடியபோது அதற்கும் ஒரு துண்டு வைத்தார். மனைவி தமயந்திக்குத் தாலி மட்டும்தான் தங்கத்தில் போட்டிருந்தார்.

மலை மலையாகப் பழுப்பு நிலக்கரியைச் சுமந்த பெல்ட் நாலு மனுசரைச் சுமக்காதா? இதுதான் அவருடைய கணக்கு. புதிதாக வரும் பையன்களிடம் அவரே சொல்லுவார்: "பெல்ட் எதையும் தாங்கறதில்லடா. கீழ இருக்கற ரோலர்தான் தாங்குது." அந்த வாக்கியம் அன்று அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. வரவிடவில்லை. போன பாதுகாப்பு வார விழாவில் வாசகப் போட்டியில் பரிசு வாங்கியவரும் அவர்தான். 'மறைத்த பழுது, மரணத்தின் விழுது.' எவர்சில்வர் டப்பா ஒன்று கொடுத்தார்கள்.

லீவு நாட்களில் வண்டிக்கு அடியில் புகுந்தார். ஓட்டைகளில் எம்-சீல் பசையை அப்பினார். அதன்மேல் தார். உள்ளே தரை முழுவதும் பெல்ட். ஓரத்தை மடித்து சீட்டுக்கு அடியில் சொருகினார். சாணி மெழுகின தரைபோல வழவழவென்று இருந்தது.

"என்னங்க பண்றீங்க அடியில?" தமயந்தியின் பாதங்கள் வந்து நின்றன.

"சர்வீஸ்."

"ஷெட்டுல பண்ணலையா?"

"அவனுக்கு என்ன தெரியும்?"

"சரி, தலை உள்ளயே இருக்கட்டும். கையை மட்டும் நீட்டுங்க. காபி."

கை நீண்டது. காபி உள்ளே போனது.

"ஏங்க, வண்டி நிக்கற இடம் மட்டும் செக்கச்செவேல்னு இருக்கே?"

"நெய்வேலி மண்ணே செவப்புதான்."

"அப்படியா?" என்றாள் தமயந்தி.

வெள்ளைச்சாமி அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். தமயந்தி சண்டை போட்டால் விஷயம் சின்னது. கேள்வி கேட்டால் நடுத்தரம். 'அப்படியா' என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டால் ஆபத்து. கல்யாணமான நாளிலிருந்து பட்டிருந்தும் அவருக்கு அது உறைக்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

வண்டி விற்பனைக்கு என்று கேன்டீனில் ஒரு வார்த்தை போட்டார். மறுநாளே பழனிவேல் வந்து நின்றான். காடாம்புலியூர்க்காரன். அவருடைய பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் ஆகிவிடுவோம் என்று ஒரு காலத்தில் நம்பி, பிறகு நம்புவதை விட்டுவிட்டு, வெள்ளைச்சாமியை மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருந்தவன்.

"உனக்கு எதுக்குப்பா வேனு?"

"ஜூன்ல இஸ்கூல் தொறந்தா எங்கூரு புள்ளைங்களை ஏத்திக்கினு வரலாம்னு சார். பஸ்ஸுல தொங்கிக்கினு வருதுங்க. எம்பொண்ணு இசைப்பிரியாவும் அதுலதான் வருது. நம்ப வண்டின்னா பயமில்ல பாருங்க."

இந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் வெள்ளைச்சாமி வாயைத் திறந்தார். "கண்டிஷன் சூப்பர்" என்று வந்தது.

"அடியெல்லாம் எப்டி சார்?"

"பெல்ட் போட்டிருக்கேன்."

"சாரே போட்டதா? அப்பறம் என்னா சார். நான் குனிஞ்சிகூடப் பாக்க மாட்டேன்."

அன்புமணியின் ஸ்க்ரூ டிரைவர் இந்த முறை வேறு இடத்தில் இறங்கியது. பிடிவரைக்கும்.

முன்பணம் இப்போது வேண்டாம் என்றார். அது கொஞ்சம் நல்லவன் மாதிரி இருந்தது. பழனிவேல் விடவில்லை. சாயங்காலமே சைக்கிள் கேரியரில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து சமையலறையில் வைத்துவிட்டுப் போனான். பழம் நல்ல பழம். இரண்டு நாளில் வாசனை வீட்டை நிறைத்தது. படுக்கையில், குளியலறையில், ஷிப்டுக்குப் போட்டுப் போகும் சட்டையில்கூட பழனிவேலின் நம்பிக்கை மணத்தது.

தமயந்தி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அரிந்தாள்.

"இந்தாங்க, சுளை."

"வேணாம்."

"பலான்னா உங்களுக்கு உசிராச்சே."

"வயிறு சரியில்ல."

"எங்க சரியில்ல? அடியிலயா?"

வெள்ளைச்சாமி நிமிர்ந்து பார்த்தார். அவள் மும்முரமாகக் கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பழனிவேல் பொண்ணு எந்த சீட்டுல உக்காருமாம்?" என்றாள்.

"அதெல்லாம் நான் கேக்கல."

"அப்படியா?"

வண்டியைக் கொடுப்பது வெள்ளிக்கிழமை காலை என்று ஏற்பாடு. கோயம்புத்தூரிலிருந்து மகள் அகிலா, குழந்தை ஹரிணியைத் தூக்கிக்கொண்டு முந்தின நாளே வந்திருந்தாள். திடீரென்று ஏன் வந்தாள் என்று வெள்ளைச்சாமி கேட்கவில்லை. பேத்தி வந்தால் அவர் காரணம் கேட்கிற வழக்கம் இல்லை.

காலையில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கண்ணாடிக்கு மஞ்சள், குங்குமம். பழனிவேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இசைப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இன்னொரு கையில் பெட்ரோல் கேன். பெண்ணுக்குத் தலை நிறைய எண்ணெய், இரட்டைச் சடை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஜன்னலைத் தொட்டுப் பார்த்தது.

வெள்ளைச்சாமி சாவியை நீட்டப் போனபோது தமயந்தி பட்டுப்புடவையில் வெளியே வந்தாள்.

"இருங்க. வண்டி வாங்கின அன்னிக்கு முதல்ல எங்க போனோம்?"

"நடராஜர் கோயிலுக்கு."

"கடைசியாவும் அங்க போயிட்டுத்தான் குடுக்கணும். குடும்பத்தோட. பழனிவேலு, உனக்கு அவசரம் இல்லையே?"

"இல்லீங்கம்மா. நல்ல காரியந்தானே. நாங்களும் வரோம்."

"நான் மட்டும் போய் சூடம் காட்டிட்டு வந்திர்றேனே" என்றார் வெள்ளைச்சாமி.

"சாமி உங்களுக்கு மட்டுமா சொந்தம்?" என்று தமயந்தி ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். உட்காரும்போது வண்டி கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது. வெள்ளைச்சாமிக்குப் பல் கூசியது.

"பேட்டரி கொஞ்சம் வீக்கா இருக்குது தமயந்தி."

"தள்ளி வுட்டுக்கலாம் சார்" என்றான் பழனிவேல்.

"பாப்பா, நீயும் ஏறும்மா" என்றாள் தமயந்தி. இசைப்பிரியா ஒரே தாவில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது. உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தது.

"டயர்ல... காத்து கம்மியா இருக்கு."

"போற வழியில புடிச்சிக்கலாம் சார்."

"பெட்ரோல் இல்லப்பா."

பழனிவேல் சிரித்துக்கொண்டே கேனைத் தூக்கிக் காட்டினான்.

மெதுவாகப் போகலாம், என்றது வெள்ளைச்சாமியின் மனம். வேகத்தடை மூன்றோ நாலோதான். முன்னாடி போய் சாவியைப் போட்டுவிடலாம். உண்மையாகவே ஒரு கையைக் கதவில் வைத்துவிட்டார்.

"அகிலா, குழந்தையை ஏத்து."

அகிலா ஹரிணியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். கொலுசு போட்ட ஒரு சின்னப் பாதம் பெல்ட்டின் ஓரத்தை மிதிக்க நீண்டது.

"வேணாம்! பிரேக் சரியில்ல!"

பழனிவேலின் சிரிப்பு பாதியாயிற்று. "பிரேக்கா சார்?"

"இல்ல, பிரேக் நல்லாருக்கு..."

"நல்லாருந்தா சரி. ஏத்தும்மா" என்றாள் தமயந்தி.

"தரை இல்லடி!" வெள்ளைச்சாமி போட்ட சத்தம் பிளாக் கடைசிவரை கேட்டது. "அதுல தரையே இல்லடி! எல்லாம் துரு! பெல்ட்டைப் போட்டு மூடி வச்சிருக்கேன்! யாரும் ஏறாதீங்க, இறங்குங்க!"

எதிர் குவார்ட்டர்ஸில் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

அகிலா குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டாள். குழந்தை அழுதது. இசைப்பிரியா குனிந்து, காலுக்கடியில் பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியது. தாரோடு ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது. அது குனிந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தது.

"அப்பா, உள்ளேர்ந்தே கீழ மண்ணு தெரியுது."

பழனிவேல் கேனைக் கீழே வைத்தான். போய் மகளை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினான். இறக்கின பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

தமயந்தி மெதுவாக இறங்கினாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் ஏறினப்போ பேட்டரி. அந்தப் புள்ள ஏறினப்போ டயரு, பெட்ரோலு. நம்ம புள்ள கால் வைக்கப் போனப்பத்தான் தரை இல்லைங்கறது ஞாபகம் வந்துச்சு. பாத்துக்கிட்டேன்."

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"தினம் விடிஞ்சா வாசலைக் கூட்டறவ நான். இந்த வண்டியில பாதி என் முறத்துல போயிருக்கு. மீதியை அன்புமணி போன்ல சொன்னான்."

"அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? உங்ககிட்டயா? நெய்வேலி மண்ணு செவப்புன்னீங்க. பழனிவேலுகிட்டயா? அம்மாவுக்கு வண்டியைக் குடுக்க மனசில்லன்னு நெனைப்பான். சார் சொன்னாத்தானே அவனுக்கு வேதம். அதான், சாரையே சொல்ல வச்சேன்."

வெள்ளைச்சாமி பழனிவேலின் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்ல வேண்டும். "பெல்ட் எதையும்..." என்று ஆரம்பித்தார். பழனிவேல் குனிந்து பெட்ரோல் கேனை எடுத்துக்கொண்டான்.

"வரேங்கம்மா" என்றான் தமயந்தியைப் பார்த்து. பேச்சுக்குப் பேச்சு 'சார்' போடுகிறவன். இன்றைக்கு ஒன்றுகூடப் போடாமல், பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். அது மட்டும் திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டே போனது.

தமயந்தி போனை எடுத்தாள். "அன்புமணி, வரலாம்ப்பா."

அடுத்த தெருவில் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்த காயலான் கடை லாரி வந்தது. அன்புமணி இறங்கி வெள்ளைச்சாமிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, வேனுக்குள் தலையை விட்டான்.

"சீட்டு நல்லாருக்குது. கழட்டி வச்சிக்கறீங்களா சார்? இருங்க, ஸ்பேனர் எடுத்துக்கினு வரேன்" என்றவன், சும்மா ஒரு கை வைத்து இழுத்துப் பார்த்தான். ஸ்பேனர் தேவைப்படவில்லை. பின்சீட்டு போல்ட்டோடு, போல்ட்டைப் பிடித்திருந்த தகட்டோடு, அப்படியே கையோடு வந்தது. அதைத் தூக்கி வாசலில் வைத்தான். இப்போதுதான் பட்டுப்புடவையும் இரட்டைச் சடையும் அதில் உட்கார்ந்திருந்தன.

வண்டியை லாரியில் ஏற்றும்போது எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. லாரி கிளம்புகிற நேரத்தில் தமயந்தி உள்ளே போய், கனமான ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியில் 'பாதுகாப்பு வார விழா' என்று வெட்டியிருந்தது. திறந்தாள். விளிம்புவரை சிவப்புச் செதில்.

"இதையும் சேத்து எடை போட்டுக்க அன்புமணி. இதுவும் அந்த வண்டிதான்."

லாரி போனது. அகிலா அழுத குழந்தைக்குச் சுளை ஊட்ட உள்ளே தூக்கிப் போனாள். வெள்ளைச்சாமியின் கையில் சாவி இருந்தது. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. வாசலில் கிடந்த பின்சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். காலடியில், வண்டி நின்ற இடத்தில், வண்டியின் நீள அகலத்துக்கே மண் சிவந்து கிடந்தது. இத்தனை நாள் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார். ஓடியதற்குக் காரணம் தன் கை என்றும் நினைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும், மனம் விட்டு, ஒன்றையும் மறைக்காமல், என்று கண்கலங்க ஒரு தீர்மானம் அவருக்குள் திரண்டு வந்தது.

"தமயந்தி" என்றார்.

தமயந்தி பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, துடைப்பத்தோடு வந்து எதிரில் நின்றாள்.

"காலைத் தூக்குங்க. கூட்டணும்."