பீப்பாயின் மூன்று அறிக்கைகள்

'விலை நிச்சயம் ஏறும்' என்ற அறிக்கையை முதலாளிக்கு அனுப்பிவிட்டுப் பீப்பாய் நாற்காலியில் சாய்ந்தார். அந்த நிமிடம் பார்த்து, உற்பத்தியைக் கூட்டப்போவதாக எண்ணெய் நாடுகள் அறிவித்தன. கச்சா எண்ணெய் விலை கணினித் திரையில் சறுக்குமரம் ஆடியது.

லாரி கம்பெனியின் எண்ணெய் நிபுணர் அவர். மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டாலும் பீப்பாய்க் கணக்கில் பதில் சொல்வார். அதனால் அந்தப் பெயர். அவருடைய கணிப்பைப் பார்த்துத்தான் முந்நூறு லாரிக்கு டீசல் வாங்கிக் குவிப்பதா, பொறுப்பதா என்று முதலாளி முடிவெடுப்பார். பீப்பாயின் வேலை ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. நீட்டிப்பா, வீடா என்பது பன்னிரண்டு மணிக்குத் தெரியும்.

காரியதரிசி அம்மாவிடம் ஓடினார்.

"ஒரு திருத்தம்மா! விலை இறங்கும்னு அடிங்க. உலகத்துல தேவை மந்தம்னு ஒரு வரி சேருங்க."

"காலையில தேவை கொதிக்குதுன்னீங்களே சார்?"

"இப்ப ஆறிப்போச்சு."

திருத்தம் போனது. எண்ணெய் நாடுகள் தங்கள் அறிவிப்பைத் தாங்களே மறுத்தன. விலை எகிறியது.

பீப்பாய் மறுபடியும் ஓடிவந்தார். "ஏறி இறங்கும், அல்லது இறங்கி ஏறும்னு போடுங்கம்மா."

"அதைச் சொல்ல நம்ம மாடிப்படி போதுமே சார்!"

அதுவும் போனது. ஐந்தே நிமிடத்தில் அழைப்பு வந்தது.

முதலாளியின் மேசையில் மூன்று அறிக்கைகளும் விரிந்துகிடந்தன.

"என்னய்யா இது? பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது இப்படிக் குழப்பியிருக்கியா? வரைபடம், புள்ளிவிவரம் எல்லாத்தையும் தூக்கிப் போடு. உன் மனசுக்கு என்ன படுது?"

பீப்பாய் மூன்று தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏ... ஏறும் சார்."

"உறுதியா?"

"என் அனுபவத்து மேல சத்தியமா!"

"அப்பாடா!" முதலாளி கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தை நீட்டினார். "இன்னும் அஞ்சு வருஷம். வேற எவனாவது கூப்பிட்டா போயிடாதேய்யா."

வெளியே வந்த பீப்பாய், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி மூச்சுவிட்டார். "பிழைச்சேன்மா!"

"நாங்கதான் சார் பிழைச்சோம்," என்றார் காரியதரிசி அம்மா. "எப்பவும் நீங்க சொல்றதுக்கு நேர்மாறாத்தானே டீசல் வாங்கறோம்? நீங்க பாட்டுக்கு மூணு விதமாச் சொன்னா, நாங்க எதுக்கு நேர்மாறாப் பண்றது?"